பல் எடுத்து 16 நாளாகியும் உதடு மரத்தே இருக்கிறது: நரம்பு அறுந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 34. 16 நாள்களுக்கு முன் இடது பக்கக் கீழ் ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தார்கள். மரப்பு ஊசியின் வேகம் சாயந்திரத்துக்குள் போய்விடும் என்றார்கள். நாக்கு அன்றைக்கே சரியாகிவிட்டது. இடது பக்கக் கீழுதடும் மோவாயும் மட்டும் இன்றுவரை மரத்தே இருக்கின்றன. காபி வாயோரம் வழிந்தால்கூடத் தெரியவில்லை. வாதம் வந்துவிட்டது, வாய் கோணிக்கொள்ளும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நரம்பு அறுந்துவிட்டதா? வலது பக்கமும் இதே மாதிரி ஒரு பல் இருக்கிறது. அதையும் எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த வாதப் பயத்தை இறக்கி வையுங்கள். முகத்தை அசைப்பது ஏழாவது மண்டை நரம்பு. உங்களுக்கு அடிபட்டிருப்பது ஐந்தாவது நரம்பின் ஒரு கிளை. அந்தக் கிளை உதட்டை அசைப்பதில்லை. உதட்டில் என்ன பட்டது என்று மூளைக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. கண்ணாடி முன் நின்று பல் தெரியச் சிரித்துப் பாருங்கள், கன்னத்தை ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக அசைந்தால் பெரியவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நரம்பு அறுந்ததா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே பாதி இருக்கிறது. எந்த இடம் மரத்திருக்கிறது, எந்த இடம் மரக்கவில்லை என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நரம்பு எங்கே பிரிகிறது, எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், அந்த இரண்டையும் வைத்தே அடி எங்கே பட்டது என்று ஏறக்குறைய விரலை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஐந்தாவது நரம்புக்கு மூன்று பெரும் பிரிவுகள். நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூன்றில் கடைசிதான் பெரியது. உணர்வோடு சேர்த்துத் தசையை இயக்கும் இழைகளையும் சுமப்பது இது ஒன்றுதான். மண்டையோட்டின் அடியில் முட்டை வடிவத்தில் ஒரு துளை உண்டு. அதன் வழியாக வெளியே வந்ததும் கொஞ்ச தூரத்திலேயே முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டாகப் பிரிகிறது. முன்கட்டில் பெரும்பாலும் மெல்லும் தசைகளுக்கான கிளைகள். நெற்றியோரப் பொட்டிலும் தாடை மூலையிலும் விரல்களை வைத்துப் பல்லைக் கடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டியாகப் புடைத்தால் அந்தக் கிளைகள் நன்றாக இருக்கின்றன என்று பொருள். முன்கட்டில் உணர்வுக்கென்று இருப்பது ஒரே ஒரு கிளை, கன்ன நரம்பு. கன்னத்தின் உட்புறத்துக்கும் கடைவாய்ப் பற்களை ஒட்டிய வெளி ஈறுக்கும் அதுதான் பொறுப்பு.

பின்கட்டில் மூன்று கிளைகள். காதுக்கு முன்னால் ஏறிப் பொட்டுக்குப் போவது ஒன்று. கீழ்ப்பல் வலிக்கும்போது காதும் சேர்ந்து வலிப்பதற்கு இந்தப் பங்காளி உறவுதான் காரணம். இரண்டாவது நாக்கு நரம்பு. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு உணர்வு தருவது அது. (அந்தப் பகுதியின் சுவை ஏழாவது நரம்பைச் சேர்ந்தது, அந்த மெல்லிய இழை வழியில் நாக்கு நரம்போடு வந்து சேர்ந்துகொள்கிறது.) மூன்றாவதுதான் உங்கள் விஷயம், கீழ்ப்பல் நரம்பு. தாடை எலும்பின் உட்புறத்தில் உள்ள ஒரு துளைக்குள் நுழைந்து, எலும்புக்குள்ளேயே ஒரு குழாயில், கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அடியில் ஓடுகிறது. ஓடும்போதே ஒவ்வொரு பல்லுக்கும் இழை கொடுக்கிறது. முன் கடைவாய்ப் பற்களுக்குக் கீழே இன்னொரு துளை வழியாக அதன் ஒரு கிளை வெளியே வந்து, கீழுதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் பரவுகிறது.

இப்போது அன்று போட்ட ஊசியை நினைத்துப் பாருங்கள். வாயின் கடைசியில் ஆழமாக ஒரு குத்து. மருந்து போய்ச் சேர்ந்த இடம், கீழ்ப்பல் நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசல். நாக்கு நரம்பு அதற்குச் சற்று முன்னால்தான் போகிறது, அதனால் உதட்டோடு நாக்கும் மரத்தது. அப்புறம் கன்னத்தோரம் சின்னதாக இன்னொரு குத்து போட்டிருப்பார்கள். கன்ன நரம்பு மேலேயே பிரிந்து போய்விடுவதால் முதல் ஊசி அதை எட்டாது.

உங்களுக்கு நாக்கு தப்பிவிட்டது, உதடு மட்டும் மாட்டிக்கொண்டது. அப்படியென்றால் இரண்டும் பிரிந்த பிறகு, பெரும்பாலும் எலும்புக் குழாய்க்குள், ஞானப்பல்லின் வேர் குழாயை ஒட்டியிருந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது. ஊசியால் நரம்பு சேதமாவதும் உண்டு, ஆனால் அதில் அதிகம் அடிபடுவது நாக்கு நரம்பு. பல்லை அசைத்து எடுக்கும்போது வேர் நரம்பை நசுக்கியிருக்கலாம், அல்லது குழாய்க்குள் கசிந்த ரத்தமும் வீக்கமும் அழுத்தியிருக்கலாம். நரம்பு முழுதாக அறுபடுவது இவற்றைவிட அரிது.

அடிபட்ட நரம்பை மூன்று தரமாகப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். 1943-இல் செடன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வகுத்தது அது. முதல் தரத்தில் நரம்பு அதிர்ந்து செயலற்றுக் கிடக்கிறது, இழை அறவில்லை. சில நாள்களிலோ சில வாரங்களிலோ தானே மீண்டுவிடும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுந்திருக்கும், வெளி உறை இருக்கும். அந்த உறைக்குள் இழை மறுபடி வளரும், நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஞானப்பல் இடத்திலிருந்து உதடுவரை ஆறேழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த வளர்ச்சிக்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது, முழு அறுப்பு. 16-ஆம் நாளில் உங்களுக்கு எந்தத் தரம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஞானப்பல் எடுத்தவர்களில் நிரந்தரமாக உதட்டுணர்வு இழப்பவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு என்பது மட்டும் தெரிந்த விஷயம்.

அதற்காக "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இதைச் செய்யுங்கள். பஞ்சைத் திரித்து மெல்லிய நூல் மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். வலது மோவாயில் தொட்டு, அந்த உணர்வை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நல்ல இடத்திலிருந்து மரத்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். உணர்வு மாறுகிற இடத்தில் ஐப்ரோ பென்சிலால் ஒரு புள்ளி. நான்கைந்து திசைகளிலிருந்து இப்படி வந்து புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வட்டம் கிடைக்கும். தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் சுருங்குவதும், எறும்பு ஊர்வது போலவோ சுருக் சுருக்கென்றோ தோன்றுவதும் பெரும்பாலும் நரம்பு விழித்துக்கொள்வதன் அடையாளம். டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கும்போது விளிம்பு பாதி உடைந்தது போல இருக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் அந்த விளிம்பு முழுசாகத் தெரிந்தால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

அதுவரை கவனம் வேண்டும். சூடான காபி உதட்டைச் சுட்டாலும் தெரியாது, மெல்லும்போது உதட்டைக் கடித்தாலும் தெரியாது. சூட்டை வலது பக்க உதட்டிலோ விரலிலோ பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

இந்த வாரமே பல் எடுத்த மருத்துவரிடம் போய் மறுபடி ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். வேர்த் துண்டோ எலும்புச் சில்லோ குழாயை அழுத்திக்கொண்டிருந்தால் காத்திருப்பதில் லாபம் இல்லை, எடுத்துவிட வேண்டும். மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமினின் ஒரு வடிவம்) மாத்திரை எழுதித் தருவது இங்கே வழக்கம். பி12 குறைபாடு இருந்தால் உதவும்; அறுந்த நரம்பை அது ஒட்டவைக்காது. எரிச்சலாகவோ மின்சாரம் பாய்வது போலவோ வலி தொடங்கினால், அல்லது மூன்று மாதம் ஆகியும் வட்டம் ஒரு விரல்கூடச் சுருங்காவிட்டால், நரம்பைத் தைத்துச் சேர்க்கும் அனுபவம் உள்ள முகத்தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். அந்த அறுவைக்குக் காலம் முக்கியம். ஒரு வருடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

பல்லே எடுக்காமல், அடியும் படாமல், மோவாய் தானாக மரத்துப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது எங்கோ இருக்கும் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, வலது பக்கப் பல். அது வலிக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை, பக்கத்துப் பல்லைக் கெடுக்கவில்லை என்றால், இடது பக்கம் என்ன ஆகிறது என்று தெரியும்வரை தொட வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓபிஜி படத்தோடு (தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே) நிற்காமல் சிபிசிடி ஸ்கேனும் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டுவது) எடுத்து, வேருக்கும் குழாய்க்கும் நடுவே எலும்பு இருக்கிறதா என்று உங்களுக்கே காட்டச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறை ஒன்று இருக்கிறது. உங்கள் பல்லுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது இடது மோவாயின் போட்டோக்களையும் காட்டுங்கள்.