வாசகர் கேள்வி பதில்: வால்வு மாத்தும்போது இடத்தையும் பெருசாக்கணுமாமே?

கேள்வி: டாக்டர் சார், எங்க அம்மாவுக்கு 58 வயசு, கொஞ்சம் கனத்த உடம்பு. மாடி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு பாளையங்கோட்டையில எக்கோ எடுத்தோம், இதயத்துல இருந்து ரத்தம் வெளிய போற வழியில இருக்குத அயோர்ட்டிக் வால்வு ரொம்ப சுருங்கிட்டு, மாத்தணும்னாங்க. இப்ப சர்ஜன், வால்வு உக்காருத இடமே சின்னது, அதையும் கிழிச்சு பேட்ச் வச்சுப் பெருசாக்க வேண்டியிருக்கும்னு சொல்லுதாரு. எங்க சித்தப்பா, “நெஞ்சத் தொறக்கதே பெரிய காரியம், இதுல குழாய வேற கிழிக்கணுமாக்கும், சின்ன வால்வையே வச்சு அனுப்பச் சொல்லு”ங்காவ. என்ன செய்ய?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சித்தப்பா பயப்படுததுல தப்பில்லம்மா, ஆனா அவுக சொல்லுத யோசனைதான் சரிப்படாது. நிலை குறுகலா இருக்கும்போது கதவ மட்டும் புதுசாப் போட்டா வாசல் பெருசாகுமா? செயற்கை வால்வு 19, 21, 23ன்னு மில்லிமீட்டர் கணக்குல வரும், அதுலயும் சுத்தித் தையல் போடுத வளையம் கொஞ்சம் இடத்தப் பிடிச்சுக்கிடும், ரத்தம் போற ஓட்டை அதவிடச் சின்னதுதான். 1978-லயே ரஹிம்தூலாங்கிற டாக்டர் இதப் பத்தி எழுதிட்டாரு, உடம்புக்குப் பத்தாத வால்வு வச்சா சுருக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்குத மாதிரிதான்னு.

கணக்கு இதுதான். உடம்புப் பரப்புல (உயரம், எடைய வச்சுக் கணக்குப் போடுதது) ஒரு சதுர மீட்டருக்கு 0.85 சதுர சென்டிமீட்டராவது திறப்பு வேணும், 0.65-க்குக் கீழ போனா ரொம்ப மோசம். அம்மா பரப்பு 1.8 சதுர மீட்டர்னு வச்சுக்கிடுங்க, ஒண்ணரை சதுர சென்டிமீட்டர் வேணும், 19 நம்பர் திசு வால்வுல (மிருகத் திசுவுல செஞ்சது) அது கிடைக்கது கஷ்டம். இதே அம்மா நாப்பத்தஞ்சு கிலோ ஒல்லியா இருந்தா, பெருசாக்கவே வேண்டாம்னு நானே சொல்லியிருப்பேன்.

செய்யுதது எப்படின்னா, இதயத்துல இருந்து கிளம்புத பெரிய ரத்தக் குழாயோட வேர்ப்பகுதியில பின்பக்கமா வெட்டி, மாட்டு இதய உறையோ டேக்ரான் துணியோ வச்சுத் தைப்பாங்க. நிக்ஸ்ங்கிற சர்ஜன் 1970-ல சொன்ன வழி இது, ஒண்ணு ரெண்டு சைஸ் கூடும். அமெரிக்காவுல மிச்சிகன்ல 2020-ல ஆரம்பிச்ச Y வடிவ வெட்டுல மூணு நாலு சைஸ் வரைக்கும் கூட்டுதாங்க, ஆனா அது எல்லா ஊர்லயும் கைவந்த வேலையில்ல.

ரிஸ்க் இல்லாம இல்ல. இதயத்த நிறுத்தி வைக்குத நேரம் கூடும், பின்பக்கத் தையல்ல ரத்தம் கசிஞ்சா அப்புறம் எட்டிப் பாத்துத் தைக்கது சிரமம். அதனால சர்ஜன்கிட்ட, நீங்க இத வழக்கமா செய்யுததுதானா, எந்த சைஸ் வைக்க உத்தேசம்னு நேராவே கேளுங்க, கோவிச்சுக்கிட மாட்டாரு. கடைசி முடிவு ஆபரேஷன் டேபிள்ல அளவு பாத்துத்தான்.

இன்னொண்ணு, திசு வால்வுன்னா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேயலாம், அப்ப தொடை ரத்தக் குழாய் வழியா பழைய வால்வுக்குள்ளயே இன்னொரு வால்வு வைக்கணும்னா இப்பவே இடம் இருக்கணும்லா. உலோக வால்வுன்னா ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரையும், ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பாக்குத ஐ.என்.ஆர். டெஸ்டும் உண்டு. எது வச்சாலும் ஆபரேஷனுக்கு முந்தியே சொத்தைப் பல்லு இருந்தா சரி பண்ணிருங்க, பல்லு வழியா கிருமி போய் புது வால்வுல உக்காந்துரும்.