ஓஎஸ் சந்தேகமா? கேளுங்கள்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பற்றி மட்டும் கேளுங்கள். ஃபார்மேட் அடிக்கும் முன் பேக்கப் எடுங்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தக்கலை மாணவி: பேட்ச், டைம் ஷேரிங், ரியல் டைம் என்ன வித்தியாசம் அண்ணா?

மாவு மில்லில் தூக்குவாளியை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது பேட்ச். ஒருவருடையது முடிந்துதான் அடுத்தது. டீ மாஸ்டர் பத்துப் பேரை மாறி மாறிக் கவனிப்பது டைம் ஷேரிங். ரியல் டைமில் எல்லாரும் தடுமாறுவார்கள்: அதன் பொருள் வேகம் இல்லை, கெடு. காரின் ஏபிஎஸ் பிரேக்கில் தாமதமான பதிலும் தப்பான பதில்தான். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல் டைம் ஓஎஸ் ஓடியது. முக்கியமான வேலைக்கு வேண்டிய பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு மட்டும் கிடைக்கும் அனுமதியை, சாதாரண வேலை ஒன்று வைத்திருந்தது. நடுத்தர வேலைகள் அந்தச் சாதாரண வேலையை நகரவிடவில்லை. கெடு தவறவும் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பூமியிலிருந்தே சரிசெய்தார்கள். பரீட்சையில் இதை எழுது மக்களே.

மார்த்தாண்டம்: விண்டோஸ் 10 இனி ஓடாதா?

ஓடும். வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் வேண்டும். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற வேறு ஓஎஸ் போடுங்கள். பேக்கப்!

குலசேகரம்: ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே?

கெர்னல் மட்டும், அதாவது ஓஎஸின் மையப்பகுதி மட்டும்.

குளச்சல்: கெர்னல் லினக்ஸ் என்றால் மொத்தமும் லினக்ஸ்தான் அண்ணாச்சி.

அப்படியா? லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டதே கெர்னலைத்தான். ஆண்ட்ராய்டில் சி லைப்ரரி (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படைக் கோட் தொகுப்பு) வேறு, ஆப் ஓடும் முறை வேறு. வள்ளத்து எஞ்சினைக் கழற்றிக் கரும்புச்சாறு மெஷினில் மாட்டினால் அது மீன் பிடிக்குமா?

குளச்சல்: எஞ்சின் இல்லாமல் வள்ளமும் மீன் பிடிக்காதே!

துடுப்பு இருக்கிறது. சரி, அடுத்த ஆள்.

களியக்காவிளை: அரசு லேப்டாப்பில் இருந்த பாஸ் (BOSS) எந்த ஊர் ஓஎஸ்?

நம் நாட்டில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. டெபியன் லினக்ஸ்தான் அடிப்படை.

திங்கள்நகர்: விண்டோஸ் 10 ஓடுமா?

மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இரணியல்: பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறது.

அது என் துறை இல்லை.

ஆரல்வாய்மொழி: பேக்கப் எடுக்காமல் ஃபார்மேட் அடித்துவிட்டேன். கல்யாண போட்டோ வருமா?

உடனே ஆஃப் செய்யுங்கள். அந்த டிஸ்கில் இனி ஒரு ஃபைலும் ஏற்றாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முயன்று பார்க்கலாம். எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த ஃபைல்களின் இடத்தைத் துடைக்கச் சொல்லும் கட்டளை) ஓடியிருந்தால் கஷ்டம். நாளைக் காலை கடைக்குக் கொண்டு வாருங்கள்.