கல்லடியில் வாடகை வீடு, மாரியில் பொங்கும் மலக்குழி: செலவு யாருடையது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதம் இது. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள். மேலே இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மாரி தொடங்கிய நாளிலிருந்து உங்கள் குளியலறையில் தண்ணீர் வடியும் துவாரத்தின் வழியாக மலக்கழிவு மேலே வருகிறது. கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டி பிடித்து இறைத்தாலும் சில நாட்களில் மறுபடியும் அதே நிலைதான். வீட்டுக்காரர் சுவிஸில் இருக்கிறார். வாடகை வாங்கும் அவருடைய மச்சான், "பாவிக்கிறவங்கதான் குழி இறைக்கணும்" என்று கையை விரித்துவிட்டார். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பதே என் பதில். ஆனால் அதை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், கழிவு எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதை முதலில் நீங்கள் கண்டறிந்து வைத்திருக்க வேண்டும்.

நான் சட்டத்தரணி அல்லன். நாவற்குடாவில் பல வருடம் வாடகைக்கு இருந்தவன். இப்போது வெளிநாட்டில் வசிக்கும் அக்காவின் வீட்டை அதே கல்லடியில் பராமரித்து, அங்கிருக்கும் வாடகைக் குடும்பங்களோடு கணக்கு வழக்குப் பார்க்கிறவன். அதனால் உங்கள் பக்கமும் தெரியும், அந்த மச்சானின் பக்கமும் தெரியும்.

கொழும்பு நகரின் பெரும்பகுதியில் கழிவைக் கொண்டுபோக வீதிக்குக் கீழே பொதுக் குழாய் உண்டு. எங்கள் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் தத்தம் வளவுக்குள் இருக்கும் குழியையே நம்பியிருக்கின்றன. முறையாகக் கட்டிய தாங்கி என்றால் அதில் இரண்டு அறைகள் இருக்கும். திண்மம் அடியில் படிய, மேலே தெளிந்து நிற்கும் நீர் அடுத்துள்ள உறிஞ்சு குழிக்குப் போய் மணலில் ஊறிவிடும். கோடையில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கல்லடி என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டி, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டு வெட்டப்படுவதற்கு முன்னர் வாவி மட்டமும் ஏறி நிற்கும்போது, நிலத்தடி நீர் முற்றத்தின் காலடிக்கே வந்துவிடுகிறது. அப்போது உறிஞ்சு குழியிலிருந்து நீர் வெளியே ஊறுவதற்குப் பதிலாக, வெளியிலிருக்கும் நீர் குழிக்குள் ஊறுகிறது. தாங்கி நிரம்பியதும் கழிவு வந்த குழாயிலேயே திரும்பி ஏறி, வீட்டில் மிகத் தாழ்ந்த துவாரம் எதுவோ அதன் வழியாக வெளியே வரும். மேல் வீட்டார் கொமட்டில் தண்ணீர் ஊற்றுவது உங்கள் குளியலறையில் தெரிவதற்குக் காரணம் இதுதான். மேலே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது என்பதால், அவர்கள் அக்கறையின்றி இருப்பதாக நினைத்து அவர்களோடு மனம் கசக்க வேண்டாம்.

பழைய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஒரு குடும்பத்துக்கென்று சீமெந்து வளையங்களை அடுக்கி, அடி திறந்தபடி விட்ட ஒற்றைக் குழி இருக்கும். வெளிநாட்டுக் காசு வந்ததும் மேலே ஒரு மாடி எழும்பும், அதற்கு மேல் இன்னொன்றும் எழும்பும், ஆனால் குழி மட்டும் பழைய குழியாகவே இருக்கும். மூன்று சமையலறை, மூன்று குளியலறை, போதாததற்குக் கூரைப் பீலியின் மழைநீரும் அதற்குள்ளேயே விழும்படி குழாய் பொருத்தியிருப்பார்கள். இப்படி ஒரு குழி பொங்குவதற்கு வாடகைக்கு இருப்பவர் எந்த விதத்திலும் காரணமாக முடியாது.

ஆகவே, பைப் வேலை தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, வீட்டுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள். உங்கள் மலசலகூடம் நிரம்பி நிற்கும்போது மேன்ஹோல் வெறுமையாக இருந்தால், அடைப்பு வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இருக்கிறது. மேன்ஹோலும் விளிம்பு வரை நிரம்பி நின்றால், கோளாறு அதற்கு அப்பால், அதாவது தாங்கியிலோ உறிஞ்சு குழியிலோ இருக்கிறது. அக்காவின் வீட்டில் நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒரு கோடையில் கீழ் வீட்டில் கொமட் நிரம்பி நின்றது, மேன்ஹோலோ காய்ந்து கிடந்தது. வேலைக்கு வந்த பெரியவர் வளையும் கம்பியை உள்ளே விட்டுத் திருகி இழுத்து, ஊதிப் பெருத்த ஒன்றை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, "மனே, குழியில ஒரு பிழையுமில்ல, இது பிள்ளைட பம்பஸ்" என்றார். அந்தச் செலவை அந்தக் குடும்பமே மறுபேச்சின்றிக் கொடுத்தது, அதுதான் நியாயமும்கூட. பின்னர் ஒரு மார்கழியில் மேன்ஹோல் நிரம்பி வழிந்தபோது, கிணற்றில் தண்ணீர் நின்ற மட்டத்தையும் மேன்ஹோலில் நின்ற மட்டத்தையும் கயிறு பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அதற்கு மேல் யாரோடும் வாதாட எதுவும் மிஞ்சவில்லை. படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன், அவர் காசு அனுப்பினார். உங்களிடம் கிணறு இருந்தால் இதே ஒப்பீட்டைச் செய்து, இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள்.

இந்த நிலையில் பவுசர் கூப்பிடுவது ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது போன்றது. அடி திறந்த குழி என்றால் விடிவதற்குள் மறுபடியும் நிரம்பிவிடும். அடி மூடிய தாங்கியாக இருந்தால், குறிப்பாகப் பிளாஸ்டிக் தாங்கியாக இருந்தால், நீர் ஊறிய மணலில் அதை முற்றாக வெறுமையாக்குவது ஆபத்து: உள்ளே பாரமில்லாமல் தாங்கி மேலே மிதந்து எழும்பி, குழாய் மூட்டுகளை உடைத்துவிடக்கூடும். நிலையான தீர்வுகள் எல்லாமே கட்டட வேலைகள். தாங்கியை நீர் புகாமல் பூசி மூட வேண்டும். உறிஞ்சும் பகுதியை ஆழத்தில் வைக்காமல், மணல் நிரப்பி உயர்த்திய மேட்டில் அகலமாக அமைக்க வேண்டும். கீழ்த்தளக் குழாயை மேல்தளக் குழாயிலிருந்து பிரிக்க வேண்டும். மழைநீரைக் குழிப்பக்கமே விடக் கூடாது. கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைக் கீழ்த்தளக் குழாயில் பொருத்தலாம். அது உங்கள் தரையைக் காக்கும், ஆனால் வெளிப்பக்கம் நிரம்பியிருக்கும்போது உங்கள் கழிவும் வெளியேற முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தாலும் யாரையும் குழிக்குள் இறங்க விடாதீர்கள். அங்கே தேங்கும் நச்சு வாயு ஆளை நிமிடத்தில் சாய்த்துவிடும்; தூக்கப் போனவரும் அதே குழியில் விழுந்து இறந்த சம்பவங்கள் நாட்டில் நடந்திருக்கின்றன.

இனி சட்டம். வாடகை விடயத்தில் எங்கள் நாட்டின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி, எந்தத் தேவைக்காக வீடு வாடகைக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தத் தேவைக்கு ஏற்ற நிலையில் அதை ஒப்படைப்பதும் தொடர்ந்து அந்த நிலையில் வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை. வாடகைக்கு இருப்பவரின் தவறால் ஏற்பட்ட சேதம் மட்டும் அவரைச் சேரும். குடியிருக்கக் கொடுத்த வீட்டில் மலசலகூடத்தைப் பாவிக்க முடியாது என்றால் அந்தக் கடமை மீறப்பட்டிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் "குழி இறைக்கும் செலவு வாடகைக்காரருடையது" என்று எழுதியிருந்தால், அது பாவனையால் வழக்கமாக நிரம்பும் குழிக்கே பொருந்தும் என்றுதான் நான் வாதிடுவேன். கட்டமைப்பே பிழையாக இருக்கும் குழியை ஒவ்வொரு வாரமும் இறைக்கும் செலவுக்கு அதை நீட்ட முடியாது. மூன்று குடும்பங்கள் பாவிக்கும் குழியின் முழுச் செலவையும், தாழ்வான இடத்தில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கீழ் வீட்டார் தலையில் கட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. தொடர்மாடியில் ஒவ்வொரு வீடும் தனித்தனி உறுதியில் விற்கப்பட்டிருந்தால் கதை வேறு. அங்கே பொதுக் குழாயும் குழியும் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. கல்லடியில் நான் கண்ட மாடி வீடுகள் அநேகமாக ஒரே உரிமையாளருடையவை.

வாடகையை நிறுத்திவிடுவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முத்திரைத் தாளில் எழுதி இருவர் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆனால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் அந்தக் காலத்துக்குச் செல்லாது. ஆகையால் உங்கள் நிலை மாதாந்த வாடகைக்காரரின் நிலையாகவே பார்க்கப்படக்கூடும். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பும், 2002 திருத்தத்துக்குப் பின்னர் பல வீடுகளுக்கு இல்லாமல் போய்விட்டது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியே தள்ள அவரால் முடியாது என்றாலும், வாடகை நிலுவை என்ற ஆயுதத்தை நீங்களே அவர் கையில் கொடுக்கத் தேவையில்லை. வாடகையைக் கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். எழுத்தில் அறிவித்து, நியாயமான கால அவகாசம் கொடுத்தும் அவர் அசையாவிட்டால், அவசரத் திருத்தத்தை மட்டும் செய்து, அந்தச் செலவை வாடகையில் கழிப்பது பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு நடவுங்கள்.

அறிவித்தல் என்பது தொலைபேசியில் சொல்வதல்ல. பிரச்சினை தொடங்கிய திகதி, ஒவ்வொரு முறையும் பவுசருக்குக் கொடுத்த தொகை, மேன்ஹோல் படங்கள், செய்ய வேண்டிய வேலை, அதற்கான மதிப்பீடு ஆகியவற்றை ஒரு கடிதத்தில் எழுதி, மச்சானுக்குப் பதிவுத் தபாலிலும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். மச்சானிடம் அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளர் சார்பில் செயற்படும் எழுத்து மூல அதிகாரம், இருக்கிறதா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். என் அனுபவத்தில், வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளர்கள் பலருக்கு இந்தப் படங்கள் போய்ச் சேர்வதே இல்லை. நடுவில் இருப்பவர் "கொஞ்சம் தண்ணி நிக்குது" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அதே நாளில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், எழுத்து மூலம் முறைப்பாடு கொடுங்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் உரிமையாளரை மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவரையும் பிடிக்கும். கழிவு வீதிக்கோ அயல் வளவுக்கோ ஓடினால், சுவிஸில் இருப்பவரைத் தேடுவதற்கு முன்னர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். நீங்கள் முன்கூட்டியே முறையிட்டிருந்தால் அந்தக் கடுதாசியே உங்களுக்குக் காப்பு. பரிசோதகர் வந்து பார்த்து அறிவித்தல் கொடுத்தும் வேலை நடக்காவிட்டால், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட வழி இருக்கிறது. அடைமழை இரவில் மோட்டார் வைத்துக் குழியை வீதிக் கானுக்குள் இறைத்துவிடும் கெட்டிக்காரர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தார்கள். அது நேரே வாவிக்குப் போகிறது, செய்தவர் வாடகைக்காரர் என்றால் குற்றவாளியும் அவரே.

பரிசோதகர் வரும்போது கிணற்றையும் காட்டுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் வழக்கமாகச் சொல்லப்படும் 50 அடி தூரம் எங்கள் சின்ன வளவுகளில் அரிதாகவே கிடைக்கிறது, மாரியில் இரண்டும் ஒரே நீராகிவிடுகின்றன. நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் பரவும் வழி இது. குழாய் நீர் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பாவியுங்கள். இல்லையென்றால் கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பணத் தகராறு மட்டும் மிஞ்சினால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுகின்றன. வழக்குக்கு ஆகும் செலவில் ஒரு துளியும் ஆகாது. சிறிய தொகைத் தகராறுகளை நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது, முதலில் இங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வேண்டும். பவுசர்ப் பற்றுச்சீட்டுகளை வீடு விடும் நாள்வரை எறியாதீர்கள், ஏனென்றால் மச்சான் குழிக்கணக்கை மறுபடி எடுக்கப்போவது பெரும்பாலும் முற்பணத்தைத் திருப்பித் தரவேண்டிய அன்றுதான்.