கோவில் மூடியிருக்கும் நாட்களில்

கேள்வி: எங்கள் பங்குக் கோவிலின் ஓட்டுக்கூரை பழுதாகி, வேலை முடியும்வரை மூடப்பட்டிருக்கிறது. மக்கள் பிரிந்துவிடாமல் காப்பது எப்படி?
— ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. விவிலியத்தில், உரோமையர் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில், பிரிஸ்கா, அக்கிலா ஆகியோரின் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார்; அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுக்களான நம் அன்பியங்களும் அப்படி வீடுகளில் கூடுபவைதாம். செபமாலையை வாரம் ஒரு தெருவாக, நடவுக்குப் போன பெண்கள் கால் சேற்றைக் கழுவிவிட்டு வீடு திரும்பிய பிறகு, இரவு 7.30 மணிக்கு ஒரு திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் போதுமென்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்: ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமரும் பாட்டிமார் பலரிடம் செல்பேசி இருக்காது என்பதால், உபதேசியார் அவர்களை நேரில் பார்த்து, நற்கருணை வேண்டுவோரின் பெயர்களைப் பங்குத்தந்தையிடம் தர வேண்டும். மணிக்கூண்டு உறுதியாக இருந்தால், மூவேளைச் செப மணியை நிறுத்தவே வேண்டாம்.