புளூகிராஸ் மேண்டலினை நம்பி அமெரிக்கா அனுப்பலாமா?

மேண்டலின் என்றதும் நம் காதில் ஒலிப்பது உ. ஸ்ரீநிவாஸின் மின் மேண்டலின். அமெரிக்கா போய்ப் படித்துத் தொழிலாக்க உங்கள் மகள் ஆசைப்படுவது வேறு, புளூகிராஸ் மேண்டலின். இரண்டிரண்டாக எட்டுக் கம்பி, மின்சாரம் கிடையாது. புளூகிராஸ் என்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரர் பில் மன்றோ 1940களில் வடிவம் கொடுத்த நாட்டுப்புறப் பாணி இசை. எந்தக் கல்லூரி என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டத்தைப் பார்த்து எந்தக் குழுவும் ஆள் எடுப்பதில்லை என்பதால், வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

புளூகிராஸில் பொதுவாக டிரம்ஸ் இருக்காது. அந்த இடத்தை நிரப்புவது 2, 4ஆம் தட்டுகளில் மேண்டலின் போடும் ‘சாப்’ என்ற வெட்டுத் தட்டு. கம்பிகளை அடித்த கணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடைக்க வேண்டும். ஒரு பாட்டில் தனி வாசிப்பு சில விநாடிகள்தான். மீதி நேரமெல்லாம் சாப். கைவேகம் உள்ள பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான், பாட்டு சூடேறியதும் தாளத்தை முன்னே இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 2, 4இல் மட்டும் ஒலிக்கவிட்டுப் பழகட்டும். மணிக்கட்டு இறுகினால் வலி வரும், வேகமும் வராது.

அடுத்தது குரல். மேல்குரல் சேர்ந்து பாடத் தெரிந்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கிட்டாரும் பேஞ்சோவும் சுருதியை ஏற்றும் காப்போ என்ற கவ்வியை மாட்டிச் சமாளிக்கும். மேண்டலின்காரர் பி, பி ஃபிளாட் சுருதிகளிலும் நேரடியாக வாசித்தாக வேண்டும்.

படிப்புக்கு ஜான்சன் சிட்டியிலுள்ள கிழக்கு டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகம். 1982 முதல் புளூகிராஸ் கற்பிக்கிறார்கள், இளங்கலைப் பட்டமும் உண்டு. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படிக்கலாம். கட்டணம் மிக அதிகம், கடன் வாங்கிப் போக நான் சொல்லமாட்டேன்.

மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் அனுமதியின்றி வெளியே காசு வாங்கி வாசிக்கக் கூடாது. பட்டத்துக்குப் பிறகு பயிற்சிப் பணிக்குக் கிடைப்பது 12 மாதம். பொறியியல் மாணவர்களுக்கு உள்ள நீட்டிப்பு இசைக்கு இல்லை. அதன்பின் தனித்திறன் உள்ள கலைஞர்களுக்கான ஓ-1பி விசா கேட்டால் விமர்சனம், விருது, ஒப்பந்தம் எல்லாம் சான்றாக வேண்டும். முதலாண்டிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவரட்டும்.

குழுவில் சேர்ந்தாலும் பெரும்பாலும் கச்சேரிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. விழாக்கள் கோடையில் குவியும். குளிர்காலத்தைப் பாடம் எடுத்தும் ஒலிப்பதிவுக்கு வாசித்தும் ஓட்ட வேண்டும். வயலினுக்கும் இதே ஜி-டி-ஏ-இ சுருதிதான். ஃபிடிலும் (புளூகிராஸில் வயலினுக்கு அதுதான் பெயர்) வாசித்தால் வாய்ப்பு கூடும்.

வாத்தியம் இப்போதைக்கு, உடலில் சுருள் வைத்த எஃப் வடிவ மேண்டலின் வேண்டாம். அதன் சுருள் வேலைப்பாடு விலையை ஏற்றுமே தவிர ஒலியைப் பெரிதாக மாற்றாது. முழு மரத்தில் செதுக்கிய மேற்பலகையும் வயலினில் உள்ளது போன்ற எஃப் துளைகளும் கொண்ட, சுருள் இல்லாத ஏ வடிவம் போதும்.