கால் அளவு

வணக்கம் ஐயா,

சின்ன விஷயம்தான், இதையெல்லாம் எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எனக்கு 33 வயது. கோவையில் ஐடி வேலை. என் செருப்புகள் ஒவ்வொன்றையும் எப்போது, எதற்காக வாங்கினேன் என்று என்னால் சொல்ல முடியும். ஹாஸ்டலில் இருந்தபோது போட்ட ரப்பர் செருப்பு, முதல் இன்டர்வியூவுக்கு வாங்கிய கறுப்பு ஹீல்ஸ், கல்யாணத்துக்கு எடுத்த கல் வைத்த செருப்பு. மகள் பிறந்து பத்து மாதம் ஆகிறது. மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பரணில் இருந்து இறக்கினேன். ஒன்றுகூட காலில் ஏறவில்லை. எப்போதும் ஆறாம் நம்பர்தான் போடுவேன், இப்போது ஏழு வேண்டியிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "செருப்புக்கா அழுவாங்க?" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது. செருப்பில் ஒருவருடைய வாழ்க்கை தெரியும் என்று நினைப்பது அசட்டுத்தனமா? எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதானா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன, எடையும் கூடுகிறது. உள்ளங்காலின் வளைவு இறங்கி, பாதம் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. முதல் குழந்தைக்குத்தான் இது அதிகம். வீக்கம் வடிந்த பிறகும் பலருக்கு அந்த நீளம் அப்படியே நின்றுவிடும். உங்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அழுததில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. ஹீல்ஸை நீங்கள் கடையில் பார்த்து, போட்டு நடந்து பார்த்து வாங்கினீர்கள். ஏழாம் நம்பர் உங்களைக் கேட்காமல் வந்துவிட்டது. செருப்பில் வாழ்க்கை தெரியும்தான். ஆனால் நாம் ஆசைப்பட்டு வாங்கியதில் தெரிவதைவிட, வேறு வழியில்லாமல் மாற்றிக்கொண்டதில் அதிகம் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. என் அம்மாவை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். 1930-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதி திராவிடர்கள் மேல் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பது அதில் ஒன்று. என் தாத்தா அப்போது வாலிபர். அதன் பிறகும் பல வருஷம் ஊர்த் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாராம். அவர் மகளான என் அம்மா நாற்பது வயது வரைக்கும் வெறுங்கால்தான். களையெடுப்பு, ரேஷன் கடை, என் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வந்தாள்.

என் முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கினேன். பழுப்பு நிறம், கட்டைவிரலுக்கு வளையம் வைத்தது. முதல் ஒரு மாதம் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடந்து பழகினாள். மழை பெய்தால் சேறு படக்கூடாது என்று கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். சில வருஷத்தில் அவளுடைய ஐந்து விரல்களும் குதிகாலும் அந்தத் தோலில் கறுப்பாகப் பதிந்துவிட்டன. செருப்பு காலியாகக் கிடந்தாலும் அவள் அதன் மேல் நிற்கிற மாதிரியே இருக்கும்.

அப்புறம் சர்க்கரை வந்தது. ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். திண்ணையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடித்தோலில் ஒரு ஆணி ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இருந்து அதோடு நடந்தே வந்திருக்கிறாள். "வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "எங்கேப்பா?" என்று அவள் தன் காலையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. டாக்டர் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பல இடங்களில் அவளுக்குத் தெரியவே இல்லை. இனி எம்சிஆர் செருப்புதான் போட வேண்டும் என்றார். மெத்தென்ற ரப்பர், பின்னால் வார் வைத்தது.

போட மாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய சின்ன வயதில் அந்த மாதிரிச் செருப்பைத் தொழுநோயாளிகள் காலில்தான் பார்த்திருக்கிறாள். அவள் நினைத்ததும் தப்பில்லை. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டுத்தான் அவை அழிகின்றன என்று கண்டுகொண்டார். அதனால் வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் உணர்ச்சியற்ற கால்களுக்கென்றே மெத்தென்ற செருப்புகள் செய்தார்கள். எந்தக் காலைப் பார்த்து ஊர் ஒதுங்கிப் போனதோ, அந்தக் காலுக்காகச் செய்தது இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் பழுப்புச் செருப்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அதை டப்பாவில் வைத்து பீரோவின் அடித்தட்டில் தள்ளிவிட்டு, எம்சிஆரை மாட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அவள் இப்போது இல்லை. அந்த டப்பா என்னிடம் இருக்கிறது.

சரி, உங்கள் செருப்புகளுக்கு வருகிறேன். ஆறாம் நம்பர் போடுகிற தங்கையோ தோழியோ இருந்தால் கொடுத்துவிடுங்கள், பரணில் கிடந்தால் பசை விட்டுப்போகும். இன்டர்வியூ ஹீல்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் கேட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதுசு வாங்க சாயங்காலமாகப் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். இரண்டு காலையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் என்ன சைஸ் என்று கேட்டதும் பழக்கத்தில் வாய் ஆறு என்றுதான் சொல்ல வரும். ஏழு என்று சொல்லுங்கள்.

அன்புடன்.