விதிப்புத்தகம் கையிலேயே இருக்கும்போது, டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமை ஆன்லைன் மல்ட்டிபிளேயர் கேமாக மாற்றுவது ஏன் இவ்வளவு சிரமம்?

விதிகளை மாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. அந்த வேலை ஐம்பது வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (சுருக்கமாக டி&டி) விளையாட்டை வெளியிட்டது 1974இல். அடுத்த வருடமே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்பில் அதைப் பார்த்து மாணவர்கள் நிலவறை கேம்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கேரக்டரின் வகுப்பு (மந்திரவாதி, திருடன் மாதிரி), லெவல், உயிர்ப்புள்ளி, கவச எண் எல்லாமே கணக்கு. கணக்கைக் கணினியிடம் கொடுத்தால் அது மனிதனைவிட ஒழுங்காகவே போடும்.

மாற்ற முடியாமல் தவிப்பது மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளை. டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்.

ஆடிப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: நாலைந்து பேர் ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துக்கொள்வார்கள், டிஎம் உலகத்தையும் மற்ற எல்லோரையும் பார்த்துக்கொள்வார், "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வீர்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டுவீர்கள். அவ்வளவுதான்.

எங்கள் செட் ரோல்20 என்ற இணையதளத்தில் சனிக்கிழமை ராத்திரி ஆடும். ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் நேரில் மேசை போட வழியில்லை. எங்கள் டிஎம் பகலில் பள்ளிக்கூட டீச்சர், எல்லோருக்கும் அக்கா. பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை கதையில் நாங்கள் நகர வாசலுக்குப் போய்ச் சேரும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். காவலாளி காலையில் வரச் சொல்கிறான். விதிப்புத்தகத்தின்படி சுவர் ஏறலாம், மிரட்டலாம், காசு கொடுக்கலாம், அடிக்கலாம். திருடன் கேரக்டர் ஆடும் நண்பன் வேறு மாதிரி ஆரம்பித்தான்: "அண்ணே, சாயங்காலத்துலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்களே, சாப்டீங்களா?"

அக்கா இரண்டு விநாடி பேசவில்லை. அப்புறம் காவலாளியின் குரலில், "எங்கப்பா, மாத்தி விட வேண்டியவன் இன்னும் வரல" என்றார். நண்பன் தன் மூட்டையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டுவதாகச் சொன்னான். "சரி, உருட்டு. பன்னிரண்டு வந்தா போதும்." பதினான்கு வந்தது. கதவு திறந்தது. அந்தக் காவலாளிக்கு அன்றைக்கே ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. இப்போது ஊருக்குள் யார் வந்தாலும் போனாலும் எங்களுக்குத் தகவல் சொல்வது அவன்தான்.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எளிது என்றால் 10, நடுத்தரம் என்றால் 15 என்று புத்தகம் ஒரு அட்டவணை கொடுக்கிறது. பசியோடு நிற்கும் காவலாளியிடம் நல்லபடியாகப் பேசினால் எவ்வளவு என்று அதில் இல்லை. மிரட்டியிருந்தால் அக்கா பதினெட்டு கேட்டிருப்பார். காவலாளிக்குப் பசி என்பதே அந்த இரண்டு விநாடியில் பிறந்த விஷயம். இதையே வீடியோ கேமில் வைக்க வேண்டுமென்றால், சாப்பாட்டுப் பேச்சை யாராவது ஒருவர் முன்கூட்டியே யோசித்து, எழுதி, குரல் கொடுத்து, சோதித்திருக்க வேண்டும். அப்படி யோசிக்காமல் விட்ட இடமெல்லாம் திறக்காத கதவுதான்.

தனியாக ஆடும் கேமில் இதை ஓரளவு மறைத்துவிடலாம். ஆன்லைனில் பல பேர் ஒரே உலகத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் இரண்டு சிக்கல்கள் சேர்ந்துகொள்ளும்.

முதலாவது நேரம். பழைய டி&டியில் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று அளவு உண்டு. தீர்ந்துவிட்டால் தூங்கி எழ வேண்டும். மேசையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. "ராத்திரி கழிந்தது, விடிந்துவிட்டது" என்று டிஎம் சொன்னால் விடிந்துவிடும். ஆயிரம் பேர் இருக்கும் சர்வரில் உங்களுக்காக மட்டும் எப்படி விடியும்? பக்கத்துக் குழு அந்த நேரத்தில் சண்டையின் நடுவில் இருக்கும்.

இரண்டாவது, நாயகர்கள் பெருத்துப்போவது. மேசையில் உலகத்தைக் காப்பாற்ற உங்கள் நாலு பேரை விட்டால் ஆள் கிடையாது. ஆன்லைனில் நீங்கள் கொன்ற டிராகனைக் கொல்ல உங்களுக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் அது மறுபடி எழுந்து நிற்கிறது. நீங்கள் என்ன செய்தாலும் ஊர் மாறாது.

'வாம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற விளையாட்டை நினைத்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1991இல் வொய்ட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்டது. மனிதர்களுக்குத் தெரியாமல் ஒளிந்து வாழும் சில ரத்தக்காட்டேரிகள், பசி, குற்ற உணர்ச்சி, கூட்டத்துக்குள் அரசியல் என்று போகும். 'ஈவ் ஆன்லைன்' என்ற ஆன்லைன் கேமைச் செய்த ஐஸ்லாந்து நிறுவனம் சிசிபி, 2006இல் வொய்ட் வுல்ஃபோடு இணைந்து இதை ஒரு பெரிய ஆன்லைன் கேமாக்கப் புறப்பட்டது. பல வருடம் உழைத்துவிட்டு 2014 ஏப்ரலில் கைவிட்டார்கள். கைவிட்டதற்குப் பணம், ஆள் என்று தொழில் காரணங்கள் இருக்கும். ஆனால் வடிவமைப்பிலேயே ஒரு முடிச்சு இருந்தது என்பது என் எண்ணம். உள்ளே வருகிற அத்தனை பேரும் காட்டேரி என்றால் யாரிடமிருந்து யார் ஒளிவது?

விதிகள் எவ்வளவு சுலபமாகப் பரவின என்பதற்கும் ஒரு கதை உண்டு. கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1990களின் தொடக்கத்தில் 'டிக்குமட்' என்ற எழுத்து வடிவ ஆன்லைன் கேமை எழுதினார்கள். டி&டி வாசனை தூக்கலாக அடிக்கும். 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' என்ற ஆன்லைன் கேம் அதை அவ்வளவு ஒத்திருந்ததால், டிக்குமட் நிரலிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்று எவர்குவெஸ்ட் நிரலாளர்கள் 2000இல் உறுதிமொழிப் பத்திரமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வரைக்கும் அந்தக் கணக்கு போனது. லைசென்ஸ் வாங்காமலே டி&டியின் எலும்புக்கூடு உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. இதனால் லைசென்ஸ் வாங்கி அதிகாரபூர்வமாக வந்தவர்களுக்கு ஒரு தர்மசங்கடம். அசலோடு வந்தாலும், "இதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதானே" என்று ஆட்டக்காரர் சொல்வார்.

அப்படி வந்ததில் நான் மதிக்கிற முயற்சி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்'. டர்பைன் நிறுவனம் 2006 பிப்ரவரியில் வெளியிட்டது. நேரப் பிரச்சினையை நேராகவே எதிர்கொண்டார்கள். ஊர் எல்லோருக்கும் பொது. நிலவறைக்குள் நுழைந்துவிட்டால் உங்கள் குழுவுக்கென்று தனிப் பிரதி. நினைத்த இடத்தில் படுத்துத் தூங்க முடியாது, வழியில் ஆங்காங்கே இருக்கும் ஓய்வுத் தலத்தில்தான் மந்திரம் திரும்பக் கிடைக்கும். நாளைக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்கை எடுத்துவிட்டு மந்திரப் புள்ளிகள் கொடுத்தார்கள். மேசையில் ஒரு லெவல் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆன்லைன் ஆட்டக்காரருக்கு அந்தப் பொறுமை இருக்காது என்று ஒவ்வொரு லெவலையும் சிறு சிறு படிகளாக உடைத்தார்கள். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளியையும் தாராளமாகக் கூட்டினார்கள். மூன்றாம் பதிப்பு விதியில் அவனுக்கு அடிப்படையாக 4தான். வீட்டுப் பூனை பிராண்டினாலே செத்துப்போவான் என்பது ஆட்டக்காரர்களிடையே பழைய கிண்டல்.

எனக்கு இன்னும் பிடித்தது அனுபவப் புள்ளி (சேர்த்தால் லெவல் ஏறும் புள்ளி) விஷயம். மற்ற ஆன்லைன் கேம்களில் நரியைக் கொன்றால் இவ்வளவு, பன்றியைக் கொன்றால் இவ்வளவு என்று சேர்ப்பீர்கள். இதில் நிலவறைக்குள் எத்தனை பேரை வெட்டினாலும் அதற்காகத் தனியே புள்ளி விழாது. எடுத்த காரியத்தை முடித்தால்தான் கிடைக்கும். அதிகம் பேரைக் கொல்லாமல் நழுவிப் போய் முடித்தால் அதற்கும் போனஸ். நல்ல டிஎம் எப்படிப் புள்ளி போடுவாரோ அப்படி. மேசையின் விதியைவிட மேசையின் பழக்கத்தை நகலெடுத்த இடம் இது.

டிஎம்மையே விட்டுவிடக் கூடாது என்று ஒரு குரலையும் வைத்தார்கள். அறைக்குள் போனால், "ஈரச் சுவரிலிருந்து பழைய ரத்தத்தின் நாற்றம் வருகிறது" என்கிற மாதிரி ஒருவர் வர்ணித்துக்கொண்டே வருவார். ஒரு கல்லறைத் தொடருக்குக் குரல் கொடுத்தது சாட்சாத் கேரி கைகாக்ஸ். இன்னொரு தொடருக்கு டேவ் ஆர்னசன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குரலிடம் நீங்கள் எதுவும் கேட்க முடியாது. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே வந்து டிஎம் குரலில் பேசியும், அது வாசித்துக் காட்டுவதாகத்தான் நின்றது. அது அவர் குறையில்லை.

டிஎம்மை ஆளாகவே உள்ளே விட்டது வேறொரு கேம். பயோவேர் 2002இல் வெளியிட்ட 'நெவர்விண்டர் நைட்ஸ்'. (இதே பெயரில் 1991லிருந்து 1997 வரை ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவையில் ஒரு ஆன்லைன் கேம் ஓடியது. ஆரம்பத்தில் மணிக்கு 6 டாலர்! அதற்கும் ஆட்கள் வந்தார்கள்.) பயோவேர் கேமோடு அரோரா என்ற கருவித்தொகுப்பைக் கொடுத்தார்கள். காடு, ஊர், நிலவறை எல்லாம் நீங்களே கட்டலாம். கூடவே டிஎம்முக்கென்று தனி நுழைவு. ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டக்காரர்கள் நடுவில் நடமாடலாம், நின்ற இடத்தில் ஓநாய்க் கூட்டத்தை வரவழைக்கலாம், கடைக்காரனின் உடம்புக்குள் புகுந்து அவன் வாயால் பேசலாம், நல்ல யோசனைக்கு அங்கேயே புள்ளி கொடுக்கலாம். திரையோரம் பகடைக் கணக்கு எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் நகர வாசல் காட்சி இந்தக் கேமில் அப்படியே நடக்கும். காவலாளிக்குள் அக்கா புகுந்து பேசினால் போதும்.

இதில் ஆட்டக்காரர்களே சர்வர் வைத்து நடத்தும் நிரந்தர உலகங்கள் முளைத்தன. 'அரெலித்' மாதிரி சிலது இன்றும் ஓடுகிறது. பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கான சந்தாதாரரைத் துரத்திக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் பேர் இருக்கும் சர்வரில் டிஎம் குழு வைத்து மேசையின் அசல் ருசியை இவர்கள் பிடித்துவிட்டார்கள். பணம் சம்பாதிக்க இது வழியா என்றால் இல்லை. நாலைந்து பேருக்கு ஒரு டிஎம் வேண்டும். லட்சம் பேருக்கு எத்தனை டிஎம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், எந்த நிறுவனமும் அந்தச் சம்பளம் கொடுக்காது.

டிஎம்மை உள்ளே விட்டாலே சரியாகிவிடும் என்றும் இல்லை. 2015இல் 'சோர்ட் கோஸ்ட் லெஜெண்ட்ஸ்' வந்தது, டிஎம் முறைதான் அதன் முக்கிய விளம்பரமே. ஆனால் அதில் டிஎம்முக்கு மிரட்டல் புள்ளிகள் என்று ஒரு கணக்கு வைத்து, அதைச் செலவழித்துத்தான் அரக்கர்களை இறக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நடுவராக இருக்க வேண்டியவர் எதிரணி ஆகிவிட்டார். அதைச் செய்த ஸ்டுடியோ 2016இலேயே மூடிவிட்டது.

2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' வேறு வழியில் போனது. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் ஆயிரம் பேர் என்ற ஆசையையே விட்டுவிட்டு நாலு பேரோடு நிறுத்திக்கொண்டது. முறை வைத்துச் சண்டை, அதனால் நேரப் பிரச்சினை இல்லை. உலகம் உங்கள் நாலு பேருக்கு மட்டும், எரித்த ஊர் எரிந்தே கிடக்கும். எண்ணெயைக் கொட்டித் தீ வைக்கலாம், பெட்டிகளை அடுக்கி மதில் ஏறலாம். டிஎம் அந்த நொடியில் முடிவு செய்வதை இவர்கள் பல வருடம் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். பேச்சில் மட்டும் இடிக்கிறது. ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் கூடி நின்று கேட்கலாம், எந்தப் பதில் என்று வாக்குப் போடலாம். மேசையில் குறுக்கே புகுந்து காரியத்தைக் கெடுக்கும் அந்தச் சுகம் கிடைக்காது.

ஏஐயை டிஎம்மாக வைத்தால் என்ன என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2019இல் 'ஏஐ டன்ஜன்' வந்ததிலிருந்தே நானும் இந்த வகையை அவ்வப்போது ஆடிப் பார்க்கிறேன். சாப்டீங்களா என்று கேட்டால் பதில் சொல்லும், அது பெரிய விஷயம்தான். ஆனால் நான் ஆடிப் பார்த்தவரை எதற்கெடுத்தாலும் தலையாட்டிவிடுகிறது. சட்டைப்பையிலிருந்து டிராகனை எடுக்கிறேன் என்றால் டிராகன் வந்துவிடும். எங்கள் அக்காவிடம் அதைச் சொன்னால், "எந்தப் பையில, உன் கேரக்டர் ஷீட்டைக் காட்டு" என்பார்.

நீங்களே ஒன்றைச் செய்து பார்க்கும் எண்ணத்தில்தான் இதைக் கேட்டீர்கள் என்றால், விதிப்புத்தகத்தை நிரலாக்குவதில் ஆரம்பிக்காதீர்கள். 'நெவர்விண்டர் நைட்ஸ்' புதுப்பித்த பதிப்பு இப்போதும் விற்பனையில் இருக்கிறது, அதிகம் விலை இல்லை, கருவித்தொகுப்பும் கூடவே வரும். அதன் ஸ்கிரிப்ட் மொழி சி மாதிரியே இருக்கும், காலேஜில் சி படித்திருந்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஒரு வாசல், ஒரு காவலாளி, ஒரு தெரு, அவ்வளவு மட்டும் கட்டுங்கள். நண்பர்கள் மூன்று பேரை உள்ளே விட்டு நீங்கள் டிஎம்மாக நுழையுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் பதில் இல்லாத எதையெல்லாம் அவர்கள் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். எதை நிரலாக எழுதுவது, எதை ஆளிடம் விடுவது என்று அந்த நோட்டை வைத்து முடிவு செய்யலாம்.